பதினேழு வயதில் முதல் பந்து

எங்கள் ராமநாதபுரம் பக்கத்துப் பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் கூடைப்பந்தை முதன்முதலாகக் கையில் எடுப்பது கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். திருப்புல்லாணி, பெரியபட்டினம், ஏர்வாடி, உத்தரகோசமங்கை என்று எந்தத் திசையில் போனாலும் பள்ளிக்கூட மைதானத்தில் கபடிக்கோடு இருக்கும், வாலிபால் வலை இருக்கும். கூடைப்பந்துக் கம்பத்தைப் பார்ப்பது அபூர்வம். சென்னையில் எட்டு, ஒன்பது வயதில் பந்து தட்டத் தொடங்கிய பிள்ளையும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்த எங்கள் பிள்ளையும் ஒரே கோர்ட்டில் எதிரெதிரே நிற்பார்கள். நடுவர் பந்தை மேலே போடும்போது இருவருக்கும் நடுவே எட்டு, ஒன்பது வருஷப் பழக்கம் வித்தியாசமாக நிற்கும். மகளிர் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து நான் பார்த்த வேலையெல்லாம் அந்த வருஷங்களை மூன்றே வருஷத்தில் எப்படி ஈடுகட்டுவது என்பதுதான். முழுசாக ஈடுகட்ட முடியாது. ஆனால் ஜெயிக்க முடியும், ஜெயித்தோம். எப்படி என்று எழுதிவைக்க ஆசை.

முதலில், எதைக் கற்றுக்கொள்ள வயது கடந்துவிட்டது, எதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பிரிக்க வேண்டும். தூரத்திலிருந்து கூடை போடும் கை சின்ன வயதில் அமைவது. மூன்று புள்ளிக் கோடு முன்பு 6.25 மீட்டரில் இருந்தது, 2010-இல் 6.75-க்குப் போனது. அங்கிருந்து போடுவதற்கான மணிக்கட்டு, பதினெட்டு வயதில் தொடங்கினால் ஒரு செட்டில் ஒருத்திக்கோ இரண்டு பேருக்கோ வரும். மற்றவர்களை அதற்காகப் போட்டு வதைப்பதில் பயன் இல்லை. தடுப்பாட்டம், கால் நகர்த்தல், எதிராளியை முதுகால் மறித்து ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுப்பது, இரண்டு கையால் பாஸ் கொடுப்பது, ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் எழும்பிப் போடும் லே-அப், ஃப்ரீ த்ரோ: இவையெல்லாம் மனசும் திரும்பத் திரும்பச் செய்கிற பொறுமையும் இருந்தால் ஒரு வருஷத்தில் பிடிபடும். எங்கள் பயிற்சியில் முக்கால்வாசி நேரம் இவற்றுக்குத்தான். "கூடை போடுறது எப்ப மேடம்?" என்று முதல் வருஷப் பிள்ளைகள் முகம் வாடிக் கேட்பார்கள். பந்தைப் பிடுங்கத் தெரிந்தவளுக்குக் கூடை போடும் வாய்ப்பு தானாக வரும் என்று சொல்வேன். அதுதான் நடக்கவும் செய்தது.

ஆள் எடுப்பதிலும் இதே கணக்கு. உயரம் வேண்டும்தான், ஆனால் நான் முதலில் பார்ப்பது கால். கபடியில் ரைடு போனவளுக்கும் அதைப் பிடித்தவளுக்கும் எதிராளியின் இடுப்பைப் பார்க்கத் தெரியும். கண் ஏமாற்றும், தோள் ஏமாற்றும், பந்து ஏமாற்றும். இடுப்பு போகிற திசையில்தான் உடம்பு போகும். இதை மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மாதக்கணக்கு ஆகும், கபடிப் பிள்ளை வரும்போதே கொண்டுவருவாள். கோ-கோ ஆடியவள் சட்டென்று திசை மாறுவாள். வாலிபாலில் பிளாக் போட்டவளுக்குப் பந்து கீழே வரும் நேரம் தெரியும், ரீபவுண்டுக்கு அவளை விடக்கூடாது. அப்புறம் நான் கேட்கிற ஒரு கேள்வி உண்டு: "தண்ணி வண்டி தள்ளுவியா தாயி?" எங்கள் ஊர்களில் குடிதண்ணீர் தேடிப் போவது பெண்கள் வேலை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, மணல் பாதையில் முதுகை வளைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். அப்படி வளர்ந்தவளிடம் முட்டியை மடக்கித் தாழ நில் என்று சொன்னால் நாலு நிமிஷம் நிற்பாள். தடுப்பாட்டத்துக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் அதே தண்ணீர்தான் எங்கள் பயிற்சி நேரத்தையும் தீர்மானித்தது. காலை ஆறு மணிக்குப் பயிற்சி என்று நோட்டீஸ் போர்டில் எழுதிவிட்டால் போதாது. எந்த ஊரில் எந்த நேரத்தில் தண்ணீர் வருகிறது, யார் வீட்டில் இன்னொரு கை இருக்கிறது, முதல் பஸ் எது, கடைசி பஸ் எது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருப்பேன். ஏர்வாடி, கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் ராமநாதபுரம் ரோட்டுப் பஸ்ஸைப் பிடித்துவிடலாம். உள்ளே தள்ளி இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் போனால் அடுத்தது எப்போது என்று தெரியாது. ஆகவே காலையில் பாதிப் பேர், சாயங்காலம் பாதிப் பேர், சனிக்கிழமை எல்லோரும். பயிற்சியாளர் கையில் சதுரங்கக் காய் மாதிரி ஆட்கள் இருப்பதாகத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கோர்ட்டில் நிற்கிற நாளை நான் வாரத்துக்கு ஒன்றாவது உண்டாக்கப் பாடுபட்டிருக்கிறேன்.

வீட்டில் போய்ப் பேசுவது இந்த வேலையின் பெரும்பகுதி. கல்லூரியில் மாலை போட்டார்கள், பேப்பரில் படம் வந்தது என்று சொல்லி எந்தத் தகப்பனும் மனம் மாறிப் பார்த்ததில்லை. கரிமூட்டம் போடுகிற ஒருவர் வேலையிலிருந்து நிமிராமலே கேட்டார்: "டீச்சரம்மா, பொம்பளப்புள்ள கையி காலு ஒடிஞ்சு வந்தா நாளைக்கு எவன் கட்டுவான்?" நியாயமான பயம். அதற்கு விளையாட்டின் பெருமையை எடுத்து நீட்டக்கூடாது. எத்தனை மணிக்குப் பயிற்சி முடியும், எந்தப் பஸ், கூட வரும் பிள்ளை யார், பஸ் தவறினால் யார் கொண்டுவந்து விடுவார்கள், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் எங்கே தங்குவோம், கூட எந்தப் பெண் ஆசிரியர், அடிபட்டால் என்ன செய்வோம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொடுத்தேன். நான் திருப்புல்லாணிக்காரி என்பது பெரிய உதவி. பெருமாள் கோயில் தெருவில் இன்னார் மகள் என்றால் அவர்களுக்கு யாரோ ஒருவரைத் தெரிந்திருக்கும். அந்தக் கரிமூட்டக்காரர் கடைசியில், "அப்ப உங்க பொறுப்பு தாயி" என்றார். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டவளாகத்தான் நான் கடைசிவரை வேலை பார்த்தேன்.

பெண்கள் அதிகம் ஓடக்கூடாது என்ற கவலை எங்கள் ஊரில் பிறந்ததல்ல. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கினார். அடுத்த வருஷமே பக்கத்து ஊர் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற உடற்கல்வி ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் உடம்பு தாங்காது என்று அந்தக் காலத்து மனிதர்கள் நினைத்ததால் கோர்ட்டை மூன்று பகுதியாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகரக்கூடாது என்று விதி செய்தார். எதிராளி கையில் இருக்கும் பந்தைப் பறிக்கவும் கூடாது. அவர் அப்படி ஒரு வேலி போட்டதால்தான் அன்றைக்குப் பெண்கள் உள்ளே வர முடிந்தது என்பதை நான் மரியாதையோடு நினைக்கிறேன். ஆனால் போட்ட வேலியை எடுப்பது எவ்வளவு கடினம் என்பதையும் பாருங்கள்: பாதிக் கோர்ட்டைத் தாண்டாமல் ஆடும் ஆறு பேர் பெண்கள் ஆட்டம் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரை இருந்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் கூடைப்பந்து 1936-இல் வந்துவிட்டது, பெண்களுக்கு 1976-இல்தான். மதராஸில் ஹாரி குரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார், அங்கே படித்தவர்கள் வழியாகத்தான் இப்படிப்பட்ட ஆட்டங்கள் தமிழ்நாட்டுப் பள்ளி மைதானங்களுக்குப் போய்ச்சேர்ந்தன. திருப்புல்லாணிப் பக்கத்துப் பெண்பிள்ளை கைக்கு அந்தப் பந்து வந்துசேர இன்னும் எவ்வளவோ காலம் ஆனது.

எங்கள் கடற்கரையில் இன்னொரு வேலியும் இருந்தது. கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் படிப்பில் முன்னுக்கு வந்துவிட்டார்கள். 1988-இல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி வந்த பிறகு, பள்ளியோடு நின்றிருக்க வேண்டிய எத்தனையோ பிள்ளைகள் பட்டம் வாங்கினார்கள். ஆனால் கூடைப்பந்தில் தலைத்துணியோடு இறங்க உலகச் சம்மேளனமான ஃபீபாவின் விதியில் அப்போது இடமில்லை. 2014-இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி தலைத்துணியைக் கழற்ற மறுத்து ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துவிட்டு வெளியேறியது. அந்தச் செய்தியை எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி செல்போனில் காட்டினாள். அவள் எங்கள் அணியின் மிக வேகமான கார்டு, பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போகிறவள். உள்ளூர் ஆட்டங்களில் நடுவர்களிடம் முன்னாடியே போய்ச் சொல்லி அனுமதி வாங்கிவிடுவோம். மேலே போகப் போக என்ன ஆகுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. 2017 மே மாதம் ஃபீபா விதியை மாற்றியது, அந்த அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆட்டத்துக்கு இடைஞ்சல் இல்லாத, முகத்தை மறைக்காத, ஊசி குத்தாத தலைத்துணி போடலாம். அவளுக்கு அதற்குள் படிப்பு முடிந்திருந்தது. அவளுக்குப் பின்னால் வந்தவளின் உம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "தலைத்துணியும் முழுக்கையும் இருக்கும்ல மேடம்?" இருக்கும் என்று விதிப் புத்தகத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. சட்டைக்கு அடியில் முழுக்கை, காலுக்கு டைட்ஸ் என்று அணி முழுக்க ஒரே நிறத்தில் எடுத்தோம். விரும்பிய எல்லோரும் போட்டுக்கொண்டார்கள். வெயிலுக்கும் சிமென்ட் தரையில் விழுந்தால் சிராய்ப்புக்கும் அது நல்லதாகவே இருந்தது.

இனி கோர்ட்டுக்குள் வருகிறேன். இறங்குவதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். குதிப்பது எல்லோருக்கும் வரும், இறங்கத் தெரிந்தவர்கள் குறைவு. முழங்காலின் நடுவில் இருக்கும் ஏ.சி.எல். என்ற இணைப்பு நார் அறுந்துபோகும் ஆபத்து இந்த ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் வந்து மோதாமலேயே அறுகிறது: ஓடிவந்து திடீரென்று நிற்கும்போது, குதித்து இறங்கி முட்டி உள்பக்கமாகச் சாயும்போது. அறுந்தால் ஆபரேஷன், அப்புறம் மாதக்கணக்கில் உட்காருவது. எங்கள் வீடுகளில் அதற்கெல்லாம் வழி இல்லை. ஆகவே முதல் மாதம் பந்தே இல்லாமல் இறங்கும் பயிற்சி. இரண்டு காலும் ஒரே நேரத்தில், தோள் அகலத்தில், முன்பாதம் தொட்டு, முட்டி கால்விரலுக்கு நேரே, பின்பக்கம் நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பின்னுக்கு. நான் கோர்ட்டுக்கு முதுகு காட்டி நிற்பேன். இறங்கிய சத்தம் என் காதில் விழுந்தால் மறுபடியும். 'தொம்' என்று விழுந்தால் முட்டியில் சுமை இறங்குகிறது, சத்தமில்லாமல் இறங்கினால் தொடையில் இறங்குகிறது. சில வாரத்தில் பன்னிரண்டு பேர் குதித்தும் மைதானம் அமைதியாக இருக்கும். இந்தப் பயிற்சியை நான் எந்த வருஷமும் விட்டதில்லை.

லே-அப்பைப் பின்னாலிருந்து சொல்லிக்கொடுப்பேன். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்து போடு என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குக் காலும் கையும் பின்னிக்கொள்ளும். முதலில் ரிங்குக்குப் பக்கத்தில் நின்று, இடது காலில் எழும்பி, வலது கையால் பலகையின் சதுரத்தில் பந்தை வைப்பது மட்டும். அது கூச்சமில்லாமல் வந்த பிறகு ஒரு அடி பின்னால். பிறகு இரண்டு அடி. தட்டுவது கடைசி. வலது கை சரியானதும் எல்லாவற்றையும் இடது கைக்கு முதலிலிருந்து.

பந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் ஆடிய காலத்தில் ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்துதான் பெண்களுக்கும். 2004-இல் ஃபீபா பெண்களுக்கு 6-ஆம் எண்ணைக் கொண்டுவந்தது. சுற்றளவும் எடையும் கொஞ்சம் குறைவு. அந்தக் கொஞ்சம் சின்ன விரல்களுக்குப் பெரிய விஷயம். ஒரு கையால் பாஸ் கொடுக்கிற தைரியம் அன்றைக்குத்தான் வந்தது. எங்களுக்குப் பழைய ஸ்டாக் தீர்ந்து புதுசு வரச் சில வருஷம் பிடித்தது. சிமென்ட் தரையில் ரப்பர் பந்து சீக்கிரம் வழவழப்பாகிவிடும். புள்ளி தேய்ந்த பந்தைப் பாஸ் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, புதுசை ஷூட்டிங்குக்கு மட்டும் வைத்திருப்போம். வழுக்கும் பந்தில் பாஸ் பழகியவள் நல்ல பந்தைக் கீழே போடமாட்டாள்.

காற்று எங்களுக்கு இன்னொரு ஆள். ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது மண்ணும் சருகும் கோர்ட்டுக்குள் வரும், பந்து நேராகப் போகாது. திறந்தவெளியில் காற்றை வைத்துக்கொண்டே ஆட வேண்டும் என்பதால், பக்கவாட்டிலிருந்து போடும் ஷாட் எதுவானாலும் பலகையில் அடித்தே போடச் சொல்வேன். ரிங்கைக் குறிவைத்து வளைவாகப் போகும் பந்தைக் காற்று தள்ளும், தட்டையாகப் போய்ப் பலகையில் படும் பந்தை அவ்வளவாகத் தள்ளாது. ஃப்ரீ த்ரோவுக்கு வேறு வழி. பலகையிலிருந்து கோடு 4.6 மீட்டர். நடுவர் பந்தைக் கையில் கொடுத்த பிறகு போட 5 விநாடி உண்டு. பெரும்பாலான பிள்ளைகள் பயத்தில் இரண்டு விநாடியில் போட்டுவிடுவார்கள். எங்கள் கொடிக்கம்பத்தில் கயிறு தொங்கும். கயிறு கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தால் பொறு, மூச்சு விடு, ஒரு தட்டுத் தட்டு. கயிறு தணியும்போது போடு என்று பழக்கினேன். வெளியூர்ப் போட்டிக்குப் போனால் அங்கே கொடியோ மரக்கிளையோ எது இருக்கிறது என்று பிள்ளைகளே தேடுவார்கள். உள்ளரங்கில் காற்றே இல்லாத இடத்திலும் அந்த 5 விநாடியை முழுசாக எடுத்துக்கொண்டார்கள், அது அங்கேயும் உதவியது. ஃப்ரீ த்ரோ போடும்போது யாரும் தடுப்பதில்லை, சின்ன வயதில் தொடங்கியவளுக்கும் நேற்றுத் தொடங்கியவளுக்கும் அங்கே ஒரே தூரம். பயிற்சி முடிந்து ஓடி இளைத்த நிலையில், இரண்டு அடுத்தடுத்து விழுந்தால்தான் ஷூவைக் கழற்றலாம் என்பது எங்கள் வழக்கம். களைத்த காலோடு போட்டுப் பழகினால்தான் நாலாவது குவார்ட்டரில் விழும்.

ஞாயிற்றுக்கிழமை சில நாள் சேதுக்கரைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவேன். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து, அதிகாலையில். மணலில் பக்கவாட்டில் நகர்கிற பயிற்சி. மணல் காலைப் பிடித்திழுக்கும். முட்டிக்குச் சிரமம் கொடுக்காமல் கெண்டைக்கால் உரம் பெறும். திரும்பும் வழியில் திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் பாயசம் கிடைத்தால் எல்லோரும் வாங்கிக் குடிப்போம்.

எங்களுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது முழுக்கோர்ட் பிரஸ். நமக்குப் புள்ளி விழுந்ததும் பின்னால் ஓடிப்போய் நம் ரிங்கைக் காப்பது வழக்கம். நாங்கள் அங்கேயே நின்று மறிப்போம். விதிப்படி பந்தை 8 விநாடிக்குள் பாதிக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். 2000-க்கு முன் இது 10 விநாடி. அந்த 2 விநாடி குறைந்தது எங்களைப் போன்ற அணிகளுக்கு வரம். உயரமும் ஷாட்டும் பாதிக்கோட்டுக்கு அப்புறம்தான் வேலைக்கு வரும். பந்து அங்கே போகாவிட்டால்?

ஒரு மண்டல இறுதி ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. எதிரணியில் எங்கள் யாரையும்விட ஒரு சாண் உயரமான சென்டர். பந்தைக் கொண்டுவரும் பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் வலது கையால் மட்டும். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் பின்தங்கியிருந்தோம். இடைவேளையில் நான் சொன்னது இரண்டே விஷயம். அவள் வலது தோளுக்கு நேரே நின்று இடது பக்கம் ஓடவிடு. ஓரக்கோடும் பாதிக்கோடும் சேரும் மூலைக்கு வந்ததும் இன்னொருத்தி போய் மூடு. கோடு நம்ம ஆறாவது ஆளு. மூன்றாவது குவார்ட்டர் தொடங்கியதும் பெரியபட்டினத்துப் பிள்ளை அவளைத் தொடாமல், கையை வீசாமல், மார்பை மட்டும் காட்டி இடது பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். மூலை வந்ததும் கபடிக்காரி வந்து மூடினாள். பந்தை வைத்திருந்தவள் தட்டுவதை நிறுத்திவிட்டாள், பாஸ் கொடுக்க ஆள் தேடினாள். விசில். அடுத்த முறையும் அதே மூலை. 8 விநாடி. விசில். மூன்றாவது முறை அவசரத்தில் தூக்கி எறிந்த பந்தை எங்கள் கார்டு எடுத்து ஒண்டியாய்ப் போய் லே-அப் வைத்தாள். எதிரணி டைம் அவுட் கேட்டது. பெஞ்சில் உட்கார்ந்த எங்கள் பிள்ளைகள் மூச்சுவாங்கிக்கொண்டே சிரித்தார்கள். அந்த உயரமான சென்டர் அந்தக் குவார்ட்டரில் பந்தைத் தொட்டதே கொஞ்சம்தான். நாலாவது குவார்ட்டரில் எங்களை ஃபவுல் செய்துதான் நிறுத்த முடிந்தது, ஃப்ரீ த்ரோ விழுந்தது, கோப்பை வந்தது. அந்த ஐந்து பேரில் ஒருத்திகூடக் கல்லூரிக்கு வரும் முன்னால் கூடைப்பந்தைத் தொட்டதில்லை.

இப்படி ஓட உடம்பில் ரத்தம் வேண்டும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசிய குடும்பநல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. என் அணியைப் பரிசோதித்தாலும் அதுதான். சோம்பேறி என்று மற்றவர்கள் திட்டிய ஒரு பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஹீமோகுளோபின் எட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் அவ்வளவு ஓடியதே ஆச்சரியம். அதற்கப்புறம் வருஷத் தொடக்கத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை. பயிற்சி முடிந்ததும் வறுத்த நிலக்கடலையும் கருப்பட்டியும், முடிந்த நாளில் அவித்த முட்டையும். வீட்டில் நெத்திலி இருக்கும், முருங்கைக்கீரை இருக்கும்; முதலில் சாப்பிடுகிறவர்கள் ஆண்களாக இருப்பார்கள். அம்மாக்களிடம் தனியாகச் சொல்வேன், புள்ளைக்கும் தட்டில் வையுங்கள் என்று. மாதவிடாய் பற்றி வெளிப்படையாகக் கேட்பேன். யாருக்கு எப்போது, வலி எவ்வளவு, எத்தனை மாதமாக வரவில்லை. முதலுதவிப் பெட்டியில் பஞ்சுக்குப் பக்கத்தில் நாப்கின் எப்போதும் இருக்கும், யாரும் கேட்டு வாங்க வேண்டியதில்லை. இதைப் பேசாமல் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறோம் என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

டென்னசி பல்கலைக்கழகத்தின் பாட் சம்மிட்டை நான் மானசீகமாகப் பின்பற்றியிருக்கிறேன். 1974-இல் 22 வயதில் அங்கே பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பேற்றபோது அவருக்கு மாதம் 250 டாலர். வேனை அவரே ஓட்டினார், சீருடையை அவரே துவைத்தார். 2012-இல் ஓய்வு பெற்றபோது 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். இதைவிட என்னை ஈர்த்தது வேறு: ஆட்டக்காரிகள் வகுப்பில் முதல் மூன்று வரிசையில்தான் உட்கார வேண்டும் என்பது அவர் வைத்த விதி, அவரிடம் முழுக்காலமும் ஆடிய அத்தனை பேரும் பட்டம் வாங்கினார்கள். அந்த விதியை நானும் எடுத்துக்கொண்டேன். அரியர் வைத்தவள் பயிற்சிக்கு வரலாம், அணியில் பெயர் இருக்காது. தமிழ்த்துறை, கணிதத்துறை ஆசிரியைகள் மாலையில் எங்கள் பிள்ளைகளுக்கு மைதானத்து வேப்பமரத்தடியில் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கோப்பையிலும் பெயர் இல்லை.

பட்டத்துக்கு அடுத்தது சான்றிதழ். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியவர்களுக்கு 'ஃபார்ம் 3' என்று ஒன்று உண்டு. தமிழ்நாடு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, காவல்துறைத் தேர்வில் 10 சதவீதம். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கும் காகிதம் கையில் இல்லையென்றால் ஆடியது எல்லாம் பேச்சாகப் போய்விடும். ஒவ்வொருத்திக்கும் ஒரு கோப்பு, பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ், நகல் என்னிடம் ஒன்று. ஐப்பசி மழையில் வீடு ஒழுகி நனைந்துபோன சான்றிதழுக்கு என் அலமாரியிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆட்டநுணுக்கம் எவ்வளவு முக்கியமோ இந்த அலமாரியும் அவ்வளவு முக்கியம் என்று இளம் பயிற்சியாளர்களுக்குச் சொல்வேன்.

அனிதா பால்துரையின் பெயரை எங்கள் பிள்ளைகள் சாமி பெயர்போல் சொல்வார்கள். சென்னைக்காரர், தெற்கு ரயில்வேக்கு ஆடியவர், இந்திய அணியின் கேப்டனாக இருந்தவர். 2001 முதல் 2017 வரை ஆசிய சாம்பியன்ஷிப்பில் தொடர்ந்து ஒன்பது முறை ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ. அதே தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ் கேரளத்துச் சங்கனாச்சேரியில் கல்லூரி படித்தவர், ஆஸ்திரேலியாவில் லீக் ஆட்டம் ஆடியவர். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை 'பி' பிரிவு இறுதியில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75-73 என்று வென்ற ஆட்டத்தை எங்கள் பிள்ளைகள் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்களில் யாரும் அந்த இடத்துக்குப் போகவில்லை. பதினேழில் தொடங்கியவள் இந்திய அணிக்குப் போவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்று அவர்களிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். போலீஸில் இருக்கிறார்கள், உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறார்கள், செவிலியாக இருக்கிறார்கள், வீட்டில் இருக்கிறார்கள். இரண்டாம் வருஷத்திலேயே கல்யாணம் ஆகி, கணவர் சம்மதத்தோடு மூன்றாம் வருஷம் வந்து ஆடியவளும் உண்டு. கல்யாணத்தோடு நின்றுபோனவர்களும் உண்டு. அவர்கள் வீட்டுக்கும் நான் போய்ப் பேசினேன், நடக்கவில்லை. நல்ல ஆட்டக்காரிகள், அந்த வருத்தம் எனக்குத் தீரவே இல்லை.

என் கணக்கில் இந்த வேலையின் அடுத்த கட்டம் கல்லூரியில் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மினி கூடைப்பந்து என்று உலகம் முழுக்க இருக்கிறது: ரிங் 3.05 மீட்டருக்குப் பதில் 2.60 மீட்டர், பந்து 5-ஆம் எண். ஒரு இரும்புக் கம்பம், ஒரு மரப்பலகை, ஒரு வளையம், நாலு பந்து இருந்தால் போதும், கோர்ட்டுக்கு இறுகின மண்தரையே சரி. எங்கள் பழைய அணியில் பாயிண்ட் கார்டாக ஆடியவள் இப்போது ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. ஊர்க்காரர் ஒருவரின் பட்டறையில் வளையம் அடித்து, அளவு பிடித்து 2.60-இல் மாட்டியிருக்கிறாள். போன மாதம் என்னைக் கூப்பிட்டு, "மேடம், அஞ்சாவது படிக்கிற புள்ள இடது கையால லே-அப் வைக்கிறா, வந்து பாருங்க" என்றாள். திருப்புல்லாணி ஒன்றியத்துப் பள்ளிகளில் எத்தனை கம்பம் நட முடியும், யாரிடம் இரும்பு கேட்கலாம் என்று நாங்கள் இருவரும் இப்போது பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம்.